கொற்றலைக்கு எந்த மை

சேப்பாக்கம், மூன்றாம் மாடி, வடக்கு ஜன்னலோரம் என் மேசை.
வேலை: ஆறுகளை வரைவது.
ஆண்டில் பத்து மாதம் செருப்போடு கடக்கக்கூடியவற்றையும்
ஆறு என்றே வரைவது.
கம்ப்யூட்டர் வந்த பிறகும்
இந்த ஒரு தாளைக் கையால் கேட்கிறார்கள்.

விதி எளிது.
நீர் நிற்கும் இடம் நீலம்.
காய்ந்த இடம் கருப்பு.
இரண்டு மைக்கூட்டுக்கு நடுவில்
இருபத்திரண்டு வருட சர்வீஸ்.

தாள் நான்கு: கொற்றலையாறு.
கோப்பில் கொசஸ்தலை, பழைய கோப்பில் குசஸ்தலை.
காவேரிப்பாக்கம் ஏரி வழிந்தால் அதற்கு ஒரு கால் முளைக்கும்.
நகரிப் பக்கமிருந்து இன்னொரு கால்
ஆந்திர மண்ணைக் கழுவிக்கொண்டு
பூண்டிக்கு வந்து சேரும்.

கேசவரத்தில் மட்டும்
பேனாவைத் தூக்காமல் கோட்டை இரண்டாக்க வேண்டும்.
வலப்பக்கம் இறங்குவது கூவம்.
அதுவரை ஒரே தண்ணீர்.
பஸ் ஜன்னலை இறக்கிவிட்டு, மூக்கைப் பொத்திக் கடக்கிறோமே, அதுவும்
குளோரின் போட்டு, காய்ச்சி, பால்பவுடரில் கலக்கிறோமே, இதுவும்.
அந்த இடத்தில் எப்போதும்
மை கொஞ்சம் ஊறிவிடும்.
பிளேடால் சுரண்டுவேன்.

பூண்டியில் கோடு வயிறு தள்ளும்.
நிறைந்தால் முப்பத்தைந்து அடி.
மார்க்கபந்து காலை ஆறு மணிக்கு
கரையில் இறங்கி அளவுகோலைப் படித்துப் போன் செய்வார்.
"இருபத்தொண்ணு புள்ளி நாலு."
சித்திரையில் எண் இறங்க இறங்கக் குரலும் இறங்கும்.
ஏரி எப்படி இருக்கு என்று ஒருமுறை கேட்டேன்.
"நம்பர் சொல்லத்தாம்மா சம்பளம்" என்றார்.
பிறகு, போனை வைக்காமல்,
"நாரை வந்திருக்கு."

பூண்டிக்குக் கிழக்கே ஆற்றுக்கு இரண்டு வழி.
கால்வாய் வழி: சோழவரம், புழல்,
ஓட்டேரியில் என் சமையலறைக் குழாய்.
ஆற்று வழி: தாமரைப்பாக்கம், வல்லூர், எண்ணூர், கடல்.
முதல் வழி குடித்தது போக மீந்தது
இரண்டாம் வழி,
அதுவும் மதகு தூக்கினால்.
மதகுக்குக் கீழே என் கை தானாகவே
கருப்பு மைக்குப் போகும்.

போன மாதம் நேரில் சரிபார்க்க அனுப்பினார்கள்.
எண்ணூரில் தேசப்பனின் படகு.
முகத்துவாரத்துக்குச் சற்று முன்னால் தாளை விரித்தேன்.
"இங்க நீலம் போட்டிருக்கீங்களே" என்றார்.
துடுப்பை வைத்துவிட்டு இறங்கினார்.
மூழ்கவில்லை.
முழங்கால்வரை சாம்பல். அனல்மின் நிலையத்துச் சாம்பல்.
அங்கேயே நின்று பீடி பற்றவைத்தார்,
என் நீலத்தின் மேல்.

"தண்ணின்னா வலை போடுவேன்.
தரைன்னா நடப்பேன்.
இதுக்கு எந்தக் கலரும்மா?"

விதியில் இல்லை.

கண்காணிப்பாளர் தணிகாசலத்திடம் கேட்டேன்.
"கேஸ் நடக்குது மேடம், பழையபடியே போடுங்க."
பழையபடி என்றால் எந்த வருடப்படி என்று
நான் கேட்கவில்லை.
அவரும் நல்லவர், மகள் கல்யாணம் வேறு.
அந்த இரண்டு அங்குலத்தை
பென்சிலில் விட்டு வைத்திருக்கிறேன்.

ராத்திரி வீட்டில் கை கழுவினேன்.
விரலிலிருந்து நீலமும் கருப்பும்
ஒரே நிறமாகத் தொட்டியில் இறங்கின.
இங்கிருந்து ஓட்டேரி நாலா,
அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய்,
வடக்கே திரும்பினால் எண்ணூர்.
மதகில் தடுத்த ஆறு
என் குழாயில் ஏறி, என் கையைக் கழுவி,
சாக்கடை வழியாகத்
தன் வாய்க்கே போய்ச் சேர்கிறது.
அந்தக் கோட்டை இதுவரை
எந்தத் தாளிலும் நான் போட்டதில்லை.

குழாயை மூடினேன்.
சொட்டியது, இன்னும் இறுக்கினேன்.

காலையில் மார்க்கபந்து:
"பத்தொன்பது புள்ளி எட்டு."
நாரை என்று கேட்க வாயெடுத்தேன்.
லைன் போய்விட்டது.
எண்ணை மட்டும் எழுதிக்கொண்டேன்,
பென்சிலில்.