நாற்பது கூகைகள்

செம்பனைத் தோட்டத்து ஆபீசிலிருந்து
இரவு பதினொன்றுக்கு வாட்ஸ்அப் வந்தது:
எலிக்கு விஷம் வைப்பதை நிறுத்திவிட்டோம்,
கூகை வளர்க்கிறோம்,
ஆண்டு விருந்துக்கு நாற்பது குவளை வேண்டும்,
ஒவ்வொன்றிலும் கூகை முகம்.
கட்டைவிரலை அனுப்பிவிட்டுத்தான்
விலையை யோசித்தேன்.

பகாவில் என் பட்டறை
டயர்க் கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் நடுவே.
அலமாரியில் ஏற்கெனவே குடியிருப்போர்:
மூடிமேல் சுருண்ட அழுங்கு,
வாலையே கைப்பிடியாய் வளைத்த உடும்பு,
முன்பாதி கறுப்பும் பின்பாதி வெள்ளையுமாய் ஒரு தாப்பிர்,
அதன் மூக்கு வழியாகத்தான் தேநீர் வரும்.
கூகை மட்டும் செய்ததில்லை.
அது கத்திய வீட்டில்
பாய் விரிக்க அஞ்சும் ஊர் இது.
ஈர மண்ணில் இரண்டு கண் குழித்ததைப் பார்த்த
பூரணவல்லி அக்கா
வாயில் கை வைத்தார்:
"இதுல காப்பி குடிச்சா
தொண்டையில எறங்குமா?"

முதல் முகம் குரங்காக வந்தது.
இரண்டாவது
எங்கள் பள்ளித் தலைமையாசிரியர்.
மூன்றாவதைப் பிசைந்து
மறுபடி மண்ணாக்கினேன்.
கூகைப் பெட்டிகளுக்கு ஏணி சாத்தி ஏறும் ரஃபிகுல்
சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.
தோட்டத்தில் பொறுக்கிய தமிழில் சொன்னான்:
"மொகம் வட்டம் இல்ல அக்கா.
ஆப்பிள் ரெண்டா வெட்டினா, அது."

மறுநாள் மைலோ டின் நிறைய
கூகைகள் கக்கிய கறுத்த உருண்டைகள்.
விரலால் பிட்டால் உள்ளே மயிர்,
நொய்யரிசிப் பல்,
ஊசி விலா,
தீக்குச்சித் தலையளவு மூட்டு.
ஒவ்வோர் உருண்டையும்
ஓர் எலியின் முழுக்கணக்கு.
எலும்பைச் சுட்டேன், இடித்தேன்,
பழைய துப்பட்டாவில் சலித்தேன்.
ஆலைப் பாய்லர் சாம்பலோடு குழைத்து
ஆப்பிள் முகங்களில் பூசினேன்.

முதல் சூட்டில் நடுவில் மின்சாரம் போய்
பதினொன்று
அழுக்குப் பனியன் நிறத்தில் வெளிவந்தன.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.
அடுத்ததில்
ஆயிரத்து இருநூற்று நாற்பது டிகிரி தாண்டி
சூளைக் கதவைத் திறந்தபோது
எலிகளின் வெள்ளை
கூகைகளின் முகத்தில் ஏறியிருந்தது,
ஓரத்தில் நீலம் தட்டி,
ஆறிய பாலின் ஆடை போல.

செய்தித்தாளும் தேங்காய் நாரும் திணித்து
நான்கு அட்டைப்பெட்டி.
மூன்று நாள் மழை, லாரி வரவில்லை.
வெள்ளிக்கிழமை காலை
ஒரு பெட்டி மூலையில்
இருபது காசு அகலத்தில் ஓட்டை.

உள்ளே ஒரு குவளையில்
ராசிபலன் பக்கத்தைத் துணுக்குத் துணுக்காய்க் கடித்த மெத்தை.
அதன்மேல் ஐந்து.
குழந்தையின் சுண்டுவிரல் மாதிரி,
கண் திறக்காமல்,
மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு.
மேசைக்கால் மறைவில்
தாயின் மீசை நடுங்கியது.
சுற்றிலும் கூகைகள் விழித்திருக்க
நடுவே பிரசவம்.
தன் சாதிசனத்தின் எலும்பு பூசிய முகம் அது என்று
அதற்கு யார் போய்ச் சொல்வது?

எனக்கு முதலில் கோபம்தான்.
ஓர் எலியைக்கூட மிரட்டாத கண்ணுக்கா
இரண்டு மாதம் உட்கார்ந்தேன்?
அப்புறம் குனிந்து பார்த்தேன்.
குவளைச் சுவர்
தடிமனும் இல்லை, மெலிவும் இல்லை.
உள்வளைவில் ஐந்தும்
உருண்டு விழாமல் கிடந்தன.
அந்த வளைவுக்கு
நான் எட்டு வருடம் பழகியிருக்கிறேன்.

கிராணி சேவியர்நாதன் இரண்டு முறை எண்ணினார்.
"முப்பத்தொம்பதுதான் இருக்கு.
ஒண்ணு ஒடஞ்சிருச்சா?"
"இல்ல சார்.
ஒண்ணுல ஆள் இருக்கு."
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல் ரசீதில்
பதினெட்டு வெள்ளி கழித்தார்.

போகட்டும்.
இந்த ஊரில்
அதைவிடக் குறைந்த வாடகைக்கு
வீடு கிடையாது.