காற்றுப் புகாமல்

லாபிஸ், சிகாமட் சாலை.
லோகேஸ்வரியின் மோட்டார் பட்டறைத் தகரத்தின்மேல்
என் பன்னிரண்டு படலங்கள் வெயிலில் கிடக்கின்றன.
மாத வாடகை முப்பது வெள்ளி.
பல்கலைக்கழகம் ரசீது கேட்கும்;
டயர் விற்ற சீட்டின் பின்பக்கம் எழுதித் தருவாள்.

சிலிக்கான் இல்லை இது.
கரிமச் சங்கிலிகளைக் கரைத்து
மை போல நெகிழியில் பூசியது. பாய் மாதிரிச் சுருட்டலாம்.
வெயில் பட்டதும் உள்ளே ஓர் இணை விழிக்கும்:
ஓர் எலக்ட்ரான், அது விட்டு எழுந்த இடம்.
கைகோத்தபடி பத்து நானோமீட்டர் நடக்கும்.
அதற்குள் எல்லை வந்தால் பிரியும்,
பிரிந்தால் மின்சாரம்.
வராவிட்டால்
வந்த வெளிச்சம் வெறும் சூடாய் அடங்கிப்போகும்.
எங்கு நடந்தாலும் எல்லை பக்கத்தில் இருக்கும்படி
கொடுப்பதையும் வாங்குவதையும் கலக்கப் படித்தேன்.
ஐந்து வருடம்.

ஆய்வுக்கூடத்து நைட்ரஜன் பெட்டிக்குள்
பதினைந்து விழுக்காடு.
இங்கே நாலு மணிக்கு மழை,
ஐந்துக்குத் தார்ச்சாலையில் ஆவி,
இரவெல்லாம் செம்பனை ஆலையின் புளித்த ஈரம்.
ஓரங்களிலிருந்து வெள்ளையாய் ஏறியது.
நாற்பத்தோராம் நாள் எட்டு.
ஐம்பதாம் நாள் மூன்று.

"என்னக்கா, மூஞ்சி இப்படி?"
காத்து உள்ளே போகுது என்றேன்.
"நான் வெளிய போகாம பாக்குறேன்,
நீங்க உள்ள போகாம.
ஒரே வேலைதான்."

பழைய லாரி டியூப் ஒன்றை வெட்டினாள்.
நம்ம தோட்டத்து ரப்பரா என்று
நான் கொஞ்சம் நெகிழப் பார்த்தேன்.
"பால்மரத்து ரப்பர்னா வாரத்துல காத்து எறங்கிரும்.
இது பியூட்டைல். ஃபேக்டரி சரக்கு."
வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவள்
குனிந்து ஓரங்களைச் சுரண்டினேன்.

புதிய படலங்கள் இரண்டுக்குக் கறுப்புக் கரை வைத்தோம்.
ஒன்றில் நான் அழுத்தியது சரியில்லை,
ஒரு குமிழி, பத்தே நாளில் செத்தது.
அவள் ஒட்டியது
தொண்ணூறாம் நாள் பதினொன்று.
ஜெயிக்கவில்லை. மெதுவாகத் தோற்கிறது.
கூரையில் ஏறி இரண்டு முறை அளந்தேன்,
மூன்றாவது முறை
மீட்டரைத் துடைத்துவிட்டு.

கீழே சீட்டு தயாராக இருந்தது:
பேட்ச் இரண்டு, நாலு வெள்ளி.
கேரண்டி கிடையாது.