மாய் ஃபீ, மாய் மாஃபி

ஓதம் என்பது ஒரு மென்பொருள்.
எந்தக் கரையில் எத்தனை மணிக்குக்
கடல் எவ்வளவு ஏறும் என்று சொல்லும்.
காசு கிடையாது. நிரல் திறந்தே கிடக்கும்,
யாரும் உள்ளே வந்து திருத்தலாம்.
அதன் வலைத்தளத்தைத்தான்
பதினான்கு வருடமாக யாரும் தொடவில்லை.

பச்சைப் பின்னணி. அதன்மேல் மஞ்சள் எழுத்து.
மூலையில் குனிந்து மண் வெட்டும் பொம்மை மனிதன்:
'வேலை நடக்கிறது.'
இங்கே கோடையில் வெயில் வேலைக்குத் தடை உண்டு,
பதினொன்று முதல் நாலு வரை.
இவனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போல.

மங்காஃப், நான்காம் பிளாக், மூன்று பேருக்கு ஓர் அறை.
பகலில் ஏசி குழாய்களுக்கு வரைபடம் போடுகிறேன்,
இரவில் இதற்கு.
ரீகாவிலிருந்து இல்ஸே எழுதுகிறாள்:
தரவிறக்கப் பொத்தான் நீலமாகட்டும், கடல் நீலம்தானே.
சால்வதோரிலிருந்து ஜொவாவ்:
ஆரஞ்சு. உச்சி வெயிலில் படகில் நிற்பவனுக்கு
உங்கள் நீலம் எங்கே தெரியப்போகிறது?
நிறத்துக்கு மட்டும் அறுபத்திரண்டு செய்திகள்.
மேல்கட்டிலில் சவரிராயன் புரண்டு படுத்தான்:
"ஏதோ ஒண்ணைப் பூசிட்டு லைட்டை அணைடே."

அழிக்க வேண்டியவற்றை அழித்துக்கொண்டே போனேன்.
வருகை எண்ணி,
செத்துப்போன பதினேழு இணைப்புகள்,
கண்ணைச் சிமிட்டும் 'புதியது'.
அடியில், எறும்பு எழுத்தில்:
ஐயம் இருந்தால் அழைக்கவும்.
குவைத் எண்.

தொடங்கியவர் ஃபஹாஹீலில் இருந்தாராம்.
மின்னஞ்சல் போட்டால் திரும்பி வருகிறது.
அழிக்கும் முன் ஒரு மரியாதைக்கு அழைத்தேன்.
பின்னால் நீராவி சீறியது.
நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு குரல்,
"அல்ஹீன் மாய் ஃபீ. பாத் மக்ரிப் மாய் மாஃபி."
வைத்துவிட்டது.

இப்போது தண்ணீர் உண்டு.
மக்ரிபுக்குப் பின் இல்லை.
நான் ஓதத்தைத் திறந்து பார்த்தேன்.
அதுவும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது,
பதினைந்து வரி சமன்பாடு போட்டு.

வெள்ளி மாலை தேடிப் போனேன்.
கடற்கரைத் தெருவில் சலவைக் கடை.
மொஃபிஸுல், நோவாகாலிக்காரர்.
ஏழு வருடம் முன் வாங்கிய சிம்மில்
யார் யாரோ அழைத்துத் தண்ணீர் கேட்டார்களாம்.
முதல் வருடம் திட்டினேன் என்றார்.
எண்ணை மாற்றலாம் என்றால்
ரசீதுப் புத்தகம் முழுக்க அச்சாகிவிட்டது.
பிறகு ஒரு நோன்பு மாதம்,
மணலில் தட்டிய படகிலிருந்து ஒருவன்,
பின்னால் பிள்ளைகள் சத்தம்.
இஸ்திரியை அப்படியே விட்டுவிட்டு
தெருமுனைக்கு ஓடிக் கடலைப் பார்த்தாராம்.
ஒரு கந்தூரா கருகியது அன்றைக்கு.
ஒன்பது தினார்.

அதிலிருந்து பார்த்து வைக்கிறார்.
ரசீதின் அடிக்கட்டையில், சட்டை இரண்டு பேன்ட் ஒன்றுக்குப் பக்கத்தில்,
தண்ணீர் வந்த நேரம், போன நேரம்.
நான் கட்டைகளைப் படமெடுத்து வந்தேன்.
இரண்டு இரவு கணக்கோடு வைத்துப் பார்த்தேன்.
புது அலைதடுப்புச் சுவர் எழும்பும்வரை
இருவரும் ஒத்துப்போகிறார்கள்.
பிறகு ஓதம் பதினெட்டு நிமிடம் பிந்துகிறது.
மொஃபிஸுல் பிந்தவில்லை.

பொத்தான் ஆரஞ்சு ஆயிற்று.
மண் வெட்டியவனை அனுப்பிவிட்டோம்.
எண் மேலே ஏறிவிட்டது, பெரிய எழுத்தில்,
அவர் சொன்ன ஒரே நிபந்தனையோடு:
ஜும்ஆ நேரத்தில் அழைக்க வேண்டாம்.
இல்ஸே கேட்டாள், யார் இது?
பராமரிப்பாளர் என்று எழுதினேன்.
அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

பதினெட்டு நிமிடப் பிழை இன்னும் திறந்திருக்கிறது.
நேற்று என் சட்டைகள் வந்தன.
காலரில் குத்திய சீட்டில்
கட்டணம் எழுநூறு ஃபில்ஸ்,
கீழே வங்காள இலக்கத்தில் ஐந்து நாற்பது,
ஃபீ.