ஊரில் இல்லாத நாட்கள்

டர்பன், உம்கேனி சாலை, உள்துறை அலுவலகம்.
இங்கே நாற்காலிகள் நகர்வதில்லை, நாங்கள்தான் நகர்கிறோம்.
ஒருவர் எழுந்தால்
வரிசை மொத்தமும் ஓர் இடம் தள்ளி உட்காரும்.
காலை ஐந்தரையிலிருந்து
முப்பத்தொரு பேர் விட்டுப்போன சூட்டில்
உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

பன்னிரண்டு வருடமாக உம்லாசியில் கணக்கு டீச்சர்.
நிரந்தரவாசி என்று தாள் இருக்கிறது.
அதை லேமினேட் செய்திருக்கக் கூடாது என்கிறார்
முன்னால் இருக்கும் காங்கோக்காரர்.
அவர் செய்ததையும் காட்டுகிறார்.

குடியுரிமை விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கம்:
நாட்டுக்கு வெளியே இருந்த நாட்கள்.
புறப்பட்ட தேதி, திரும்பிய தேதி, காரணம், மொத்தம்.
வெறும் கழித்தல். ஏழாம் வகுப்புக்குக் கொடுப்பேன்.
ஆனால் இரண்டு தேதியும் சேருமா, ஒன்று மட்டுமா?
வானத்தில் கழிந்த ராத்திரி
யார் கணக்கில் வரும்?

தங்கை கல்யாணம், பதினேழு.
கடைவாய்ப் பல் (அங்கே மலிவு), பத்து.
அப்பா, ஒன்பது.
'காரணம்' கட்டம் கட்டைவிரல் அகலம்தான்.
'இறப்பு' என்று எழுதினேன்.
இடம் மிச்சம் இருந்தது.

ஒன்பதில் அரை நாள் அடிஸ் அபாபாவில்,
கண்ணாடிச் சுவருக்குப் பின்னால்,
எந்த நாட்டிலும் இல்லாமல்.
அதே நேரம் கோவில்பட்டியில்
ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்க
இனித் தாங்காது என்று
எடுத்துவிட்டார்கள்.

நாட்டுக்குள் இருந்தபடி இல்லாமல் போன நாட்களுக்குக்
கட்டம் கிடையாது.
அவர் ஐசியுவில் கிடந்த வாரம்
எக்ஸ் எவ்வளவு என்று போர்டில் எழுதிப்போட்டுவிட்டு
போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்து
அடியில் இரட்டைக் கோடும் போட்டிருந்தார்கள்.

வந்த புதிதில்
பள்ளி வாட்ச்மேன் தினமும் 'சாவுபோனா' என்பார்.
விடிந்தும் விடியாமல் என்ன பேச்சு இது என்று
உள்ளுக்குள் பதறுவேன்.
உன்னைப் பார்க்கிறேன் என்று அர்த்தமாம்.
இப்போது வகுப்புக்குள் நுழைந்ததும்
நான்தான் முதலில் சொல்வது.
அந்தச் செய்தி வந்த காலையிலும் சொன்னேன்.
நாற்பத்திரண்டு பேர் எழுந்து நின்று
'யெபோ, மிஸ்' என்றார்கள்.

தூதரகக் கடிதம் இரண்டே வரி:
இதை வாங்கினால் அது போய்விடும்.
'அது' என்பது என் சொல்.
அவர்கள் சட்டப் பிரிவின் எண்ணைப் போட்டிருந்தார்கள்.

அப்பா என் பெயருக்கு முன்னால்
புள்ளி வைத்த ஓர் எழுத்தாக இருந்தார்.
பாஸ்போர்ட் அவரை முழுசாக விரித்துப் பின்னால் போட்டது.
இங்கே அவரே என் குடும்பப் பெயர்.
மங்கையர்க்கரசி யார் வாயிலும் நுழையாமல்
சம்பளச் சீட்டில், தண்ணீர் பில்லில்,
வகுப்புக் கதவில் எல்லாம் அவர்தான்.

பதினொன்றேகாலுக்கு சிஸ்டம் படுத்தது.
ஒன்றரைக்கு எழுந்தது.
நாலாம் கவுண்டரில் ஒரு கோவெண்டர்,
நெற்றியில் கடுகளவு குங்குமம்.
ஐந்து தலைமுறைக்கு முன் அவர் பெயரையும்
காதில் விழுந்தபடி யாரோ எழுதியிருப்பார்கள்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
என் தாளைப் பார்த்துக் கூப்பிட்டார்:

"மிஸ்டர் ஷண்முகவேல்!"

யாரும் எழவில்லை.
மதுரைக்கு அந்தப் பக்கம் போகாத மனிதர்.
திருச்செந்தூருக்கே பஸ் ஒத்துக்கொள்ளாது.
நானும்
மற்றவர்களைப் போலக்
கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"மிஸ்டர் ஷண்முகவேல், கவுண்டர் நான்கு."

கையில் மொத்தம் முப்பத்தாறு.
மறுபடி கூட்டினேன், சரியாகத்தான் இருந்தது.
நான் எழுந்து முடிப்பதற்குள்
பக்கத்து நாற்காலிக்காரர்
என் இடத்துக்குள்
நகரத் தொடங்கியிருந்தார்.