கட்சிக்காரர்

பெண்டில் ஹில் ஸ்டேஷன் வேலியில்
விடிய நாலு மணிக்கு
சட்டத்தரணி நிமலேந்திரனின் முகத்தைக்
கட்டிக்கொண்டிருக்கிறேன்.
முகத்துக்கு நாலு பிளாஸ்டிக் நார்,
மூன்று டாலர்.

சுவரொட்டியில் அவர் நீல் இந்திரன்.
பல் வெளுத்திருக்கிறது.
டைக்குக் கீழே
'கதவைச் சாத்துவோம்' என்று இருக்கிறது.

பதினொரு வருடத்துக்கு முன்
பராமட்டாவில், லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில்,
என் படகைப் பற்றி
என்னைவிட நன்றாக எழுதியவர்.
'தண்ணி முடிஞ்சது எத்தனையாம் நாள்?
யோசிச்சுச் சொல்லும்' என்று
பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளியவர்.
நீதிபதிக்கு முன்னால் என்னை
'எனது கட்சிக்காரர்' என்றார்.
அந்தச் சொல்லுக்குள் கொஞ்சக் காலம்
வாடகை இல்லாமல் இருந்தேன்.

வழக்கு இன்னும் நடக்கிறது.
எனக்கு வாக்கில்லை.

நேற்றுக் காசு எண்ணித் தந்தபோது
நிமிர்ந்து பார்க்கவில்லை.
வெளியே வந்து எண்ணினால்
ஐம்பது டாலர் கூட.

காற்றில் ஒரு முகம் கழன்று
தண்டவாளப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.
எட்டிப் பிடித்து இறுக்கினேன்.
முதல் ரயிலுக்கு வந்த பொடியன்,
பேக்கரிச் சீருடை, தமிழ்,
நின்று கேட்டான்:
'அண்ணை, நீங்கள் இவற்ற கட்சிக்காரரோ?'

ஓம் என்றேன்.