லைன்

செல்லூரில் நாங்கள் இருப்பது லைன் வீடு.
எட்டு வாசலுக்கு ஒரு குழாய்;
விடியுமுன்னே குடங்கள் லைன் கட்டும்.
வீட்டுக்காரர் லைன்மேன். பேர் இருளாண்டி.
கேட்டவர்கள் ஒருதரம் சிரித்துக்கொள்வார்கள்.

கல்யாணத்துக்கு முன்
என் டவுன்பஸ் பின்னாலேயே சைக்கிள் மிதித்து வருவார்.
“ஒனக்குத்தான்டி லைன் போடுறான்” என்றாள் ஒச்சம்மா.
அப்போது எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம்.

ராத்திரி காற்றுமழை.
குலமங்கலம் ரோட்டில் கம்பி அறுந்து கிடக்கிறதென்று போனார்.
பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன்.
“லைன்லயே இரு.”
இருந்தேன்.
எங்கோ தகரம் அடித்துக்கொண்டது. நாய்.
ஏணி எதிலோ உரசியது.
“லைன் ஆஃப் பண்ணியாச்சா?”
யாரிடமோ கேட்டார்.
பதில் மழையில் போயிற்று.

திடீரென்று எங்கள் தெருவில் வெளிச்சம்.
எட்டு வாசலும் ஒரே குரலில்
“லைன் வந்துருச்சு!”
மோட்டார் போட ஓடினார்கள்.

போனை மறுகாதுக்கு மாற்றினேன்.
லைனிலேயே இருந்தேன்.