நூற்றுக்கு முப்பத்தொன்று

ஏழு மாகாணங்களுக்கும் ஒரே படிவம்.
நாற்பத்திரண்டு கேள்விகள்,
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம்.
பிஷ்கெக்கில் அச்சாகி வந்தபோது
சூடான காகித வாசனை அடித்தது.
இப்போது சப்பாரின் ஜீப்பில்
டீசலும் ஆட்டு ரோமமும் மணக்கிறது.
தலைப்பு மட்டும் அப்படியே:
ஏற்றுமதிக்குத் தயார்நிலை.

தலாஸ் நல்ல மாணவன்.
கேள்வி முடியுமுன்பே கையைத் தூக்கிவிடும்.
வெள்ளை பீன்ஸ், சிவப்பு பீன்ஸ், புள்ளி போட்ட பீன்ஸ்,
துருக்கியிலிருந்து வந்து வாங்குகிறார்கள்,
தரம் பிரிக்கும் எந்திரம் இருக்கிறது,
அதற்கு ரசீதும் இருக்கிறது.
"இதை எப்படிச் சமைப்பீர்கள்?" என்றேன்,
படிவத்தில் இல்லாத கேள்வி.
கிடங்குக்காரர் கெரிம்பெக் என்னை விநோதமாகப் பார்த்தார்.
"நாங்கள் சாப்பிடுவதில்லை அக்கா.
அது விற்பதற்கு."
அதற்கு எத்தனை மதிப்பெண் என்று
வழிகாட்டிக் கையேட்டில் தேடிப் பார்த்தேன்.

நரினில் பனி எங்களுக்கு முன்னால் போயிருந்தது.
சாலை உண்டா? உண்டு.
வருடத்தில் எத்தனை மாதம் என்று கட்டம் கேட்கவில்லை.
ஓரத்தில் நானே 'ஏழு' என்று எழுதினேன்.
தேன் வளர்ப்பவர் சொன்னார்:
பரிசோதனைக்கு ஒரு ஜாடி தலைநகருக்கு அனுப்பினால்
பாதிதான் போய்ச் சேர்கிறது,
பேருந்து ஓட்டுநருக்கு இனிப்பு பிடிக்கும்.
தரச் சான்றிதழ்: இல்லை.
தரம்: ஓட்டுநரைக் கேளுங்கள்.

கடைசியாக பாத்கென்.
கூரைமேல் ஏணி போட்டு ஏறச் சொன்னாள் ஜூராகான்.
கூரை முழுக்க ஆப்ரிகாட்,
தகரம் தெரியாத அளவுக்கு.
உழைக்க ஆட்கள்?
"மூன்று மகன்கள்."
எங்கே?
"யெகாதெரின்பர்கில். ஆகஸ்டில் பத்து நாள் வருவார்கள்."
'ஆம்' கட்டத்துக்கும் 'இல்லை' கட்டத்துக்கும் நடுவே
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

ஈரப்பதம் அளக்கும் கருவி?
அவள் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து
கட்டைவிரலால் அழுத்தினாள்.
"பதினெட்டு."
ஜீப்பிலிருந்து என் கருவியைக் கொண்டுவந்து வைத்தேன்:
பதினெட்டு புள்ளி நான்கு.
அந்தப் புள்ளி நான்குக்காக
அவள் என் கருவியை மன்னித்தாள்.
கருவி உள்ளதா என்பதுதான் கேள்வி.
'இல்லை' என்று குறித்தேன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்,
எதைக்கொண்டு அளப்பது என்று யாரும் சொல்வதில்லை.

இருபத்தைந்தாம் கேள்வியில் கையை நீட்டித் தடுத்தாள்.
"தங்கச்சி, ஒன்று சொல்.
குறைந்த மதிப்பெண் வாங்கினால் குளிர்கிடங்கு வருமா,
நிறைய வாங்கினால் வருமா?
அதைச் சொல்லிவிடு,
அதற்கேற்றபடி பதில் சொல்கிறேன்."

எனக்குத் தெரியவில்லை.
அங்கிருந்தே அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.
அவர்களுக்கும் தெரியவில்லை.
"உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள்" என்றது ஒரு குரல்,
பின்னால் யாரோ தேநீர் கலக்கும் சத்தம்.
ஜூராகான் தோளைக் குலுக்கினாள்.
உண்மையைச் சொன்னாள்,
மீதிப் பதினேழு கேள்விகளுக்கும், சுருக்கமாக.

கிளம்பும்போது கூரையிலிருந்து ஒரு பை,
பாதி காய்ந்த பழம், வழிக்கு.
மலை இறங்கும் வரை நானும் சப்பாரும் தின்றோம்.
கொட்டையைப் பல்லால் உடைத்து
அதன் பருப்பையும் தின்றான் அவன்.

அறிக்கை அக்டோபரில் வந்தது.
வண்ண வரைபடம். தலாஸ் அடர்ந்த பச்சை.
பாத்கென் வெளிறிய மஞ்சள்,
மரத்திலேயே பழுக்காத ஆப்ரிகாட்டின் நிறம்.
நூற்றுக்கு முப்பத்தொன்று, ஏழாம் இடம்.

என் கணக்கில் முப்பத்தைந்து.

கோப்பறைக்குப் போய் மூலப் படிவத்தை எடுத்தேன்.
ஐந்தாம் பக்கமும் ஆறாம் பக்கமும்
ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.
தரவு பதிந்த பெண் பிரித்துப் பார்க்கவில்லை;
விடையில்லாக் கட்டங்களுக்குச் சுழியம் என்பது விதி.

நகத்தால் மெல்லப் பிரித்தேன்.
என் விரல் தடம், பழுப்பாக, தெளிவாக,
இருபத்தோராம் கேள்வியின் மேல்:
பொருள் கெடாமல் தொலைதூரம் செல்லுமா?

இன்னும் இனிப்பு வாசனை.
திருத்தக் கடிதத்தின் முதல் வரியை
மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன்.
மேலதிகாரி கேட்பார்,
எப்படி ஒட்டியது என்று.